காஞ்சிபுரத்தில் இரண்டு காலிப் பாய்கள்

1972 செப்டம்பர் 6, புதன்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். பல் துலக்கி, குளித்து, துவைத்த துணியைச் சன்னல் கம்பியில் உலர்த்தி, முந்தைய நாளின் குறிப்பை எழுதி முடித்தபோது மணி 5.40. கோயம்புத்தூரில் என் வீட்டிலும் இதே வரிசைதான். அங்கே ஐந்தரைக்கு ஆலைச் சங்கு ஊதும். இங்கே சங்கு இல்லை. 5.45க்கு எங்கோ ஒரு தறி தட்டத் தொடங்கியது. பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஆறு மணிக்குள் தெரு முழுவதும் அதே ஓசையாகிவிட்டது. சங்கு ஒருமுறை ஊதி அடங்கிவிடும். இது அடங்கவில்லை.

சத்திரத்துக்கு வந்தது முந்தின நாள் மாலை. மேலாளர் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“கூட யாரும்மா வர்றாங்க?”

“நான் மட்டும்தான்.”

“சாமி பாக்கவா?”

“ஒரு கூட்டத்தில் பேசுவதற்கு.”

“கல்யாண விஷயமா?”

“புத்தக விஷயம்.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘கணவர் அல்லது தந்தை பெயர்’ என்ற கட்டத்தின் மேல் விரலை வைத்தார். பத்தொன்பது வருடங்களுக்கு முன் இறந்துபோன அப்பாவின் பெயரை எழுதினேன். அவருக்குத் திருப்தி. சாவி கைக்கு வந்தது. அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் நானும் மற்றொன்றில் என் புத்தகப் பெட்டியும் படுத்தோம்.

நான் ஒரு பஞ்சாலையின் நேர அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வருகைப் பதிவேடு எழுதுகிறேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று குறிப்பதுதான் தொழில். ஷிப்ட் முடிந்து போகும் பெண்களின் பெயருக்கு எதிரே நேரத்தைக் குறிக்கும்போது, இவர்கள் வீட்டுக்குப் போய்த் தொடங்கப்போகும் வேலையை யார் குறிக்கிறார்கள் என்று தோன்றும். அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் என் முதல் புத்தகம்: ‘பதிவேட்டில் இல்லாதவர்கள்: பெண்களும் சமதர்மமும்.’ நூற்றுப் பன்னிரண்டு பக்கம். சமதர்மம் ஆலை வாசலோடு நின்றுவிடாமல் அடுக்களைக்குள்ளும் வர வேண்டும் என்பது அதன் சாரம்.

நான்காம் அத்தியாயம் காஞ்சிபுரத்துத் தறி வீடுகளைப் பற்றியது. எழுதும்போது நான் ஒரு தறி வீட்டைக்கூடப் பார்த்ததில்லை. இந்த ஊர் நெசவாளர் படிப்பகத்தின் செயலாளர் முனிரத்தினம், பத்திரிகையில் வந்த என் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு எனக்கு எழுதத் தொடங்கினார். அவரும் தறிக்காரர். இரண்டு வருடத்தில் பதினோரு கடிதங்கள். முத்து முத்தான எழுத்து. எண் போட்டு அடுக்கி வைத்திருந்தேன். அவற்றை நம்பி அத்தியாயத்தை எழுதினேன். அச்சாகி வந்த நாளிலிருந்து ஒரு கவலை. தறி வீட்டுப் பெண் ஒருத்தி அதைக் கேட்டு, ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். எத்தனை பிரதிகள் போகும் என்பதைவிட அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

7.10க்குச் சிற்றுண்டிக் கடை. இந்த ஊர் இட்லியை முதல் முறையாகச் சாப்பிட்டேன். மந்தார இலையில் வேகவைத்தது. மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் பல்லில் தட்டுப்படுகின்றன. எங்கள் ஊர் இட்லி வாயில் கரைந்துவிடும். இதை மென்று யோசித்துச் சாப்பிட வேண்டும். அடுத்த மேசையில் இரண்டு வியாபாரிகள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“படித்த அம்மாள் போலிருக்கிறது. தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள், பாவம்.”

“பாவம் என்ன? மூன்று தடவை சட்டினி வாங்கிவிட்டாள்.”

கோயம்புத்தூரில் என் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தெலுங்கு பேசும் குடும்பங்கள்தான். “இரண்டு தடவை” என்று தெலுங்கிலேயே திருத்தினேன். இருவரும் காப்பியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார்கள். அவர்கள் போன பிறகு, இருந்து இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாமே என்று நினைத்தேன். அன்று காலையில் என்னோடு பேசியவர்கள் அவர்கள்தான்.

எட்டு மணிக்கு முனிரத்தினம் வந்தார். நாற்பது வயது இருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா. வணக்கம் சொல்லிவிட்டு, கடிதத்தில் எழுதுவது போலவே மூச்சு விடாமல் பேசினார். படிப்பகத்தின் கதவில் துண்டறிக்கை ஒட்டியிருந்தது. நாளை, வியாழக்கிழமை, பகல் 11 மணி. ‘தாய்மார்களுக்குத் தனி இடம் உண்டு.’ உள்ளே மேடைக்கு இடது பக்கம் இரண்டு புதிய கோரைப் பாய்களை விரித்துப் பார்த்து, மறுபடி சுருட்டி வைத்திருந்தார்.

“நாளைக்கு அமாவாசைம்மா. ஊர்ல ஒரு தறி ஓடாது. அதான் நாள் பாத்து வெச்சேன்.”

அந்தத் தேதிக்கு ஒப்புதல் கொடுத்தவளே நான்தான். ‘அமாவாசை இங்கே எல்லோருக்கும் விடுமுறை’ என்று அவர் எழுதினார். ‘மிக நல்லது, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று அஞ்சலட்டையில் பதில் போட்டேன்.

“இன்றைக்கு ஏதாவது ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்க்கலாமா?”

“இன்னிக்கு வேணாம்மா. அமாவாசைக்கு முன்னாடி சேலைய எறக்கணும்னு அவனவன் ஓட்டத்துல இருக்கான். என் தறிலயே இன்னும் முந்தானை பாக்கி. நாளைக்கு நிம்மதியா பேசிக்கலாம்.” சொல்லிக்கொண்டே சைக்கிளில் ஏறிவிட்டார்.

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தனியாக நடந்தேன். கதவுகள் திறந்தேதான் இருந்தன. உள்ளே இருட்டில் தறிகள் தட்டிக்கொண்டிருந்தன. எந்த வாசலிலும் நின்று கேட்கும் துணிவு வரவில்லை. என்ன கேட்பது? ‘உங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன், உள்ளே வரலாமா?’

பகல் 2.15க்கு, வரதராஜர் கோயிலைப் பார்க்கலாம் என்று பேருந்தில் ஏறினேன். கோயில் கோபுரம் சன்னலில் வந்தது, போனது. வண்டி நிற்கவில்லை.

“ஏம்மா, போர்டு பாக்கலியா? இது வாலாஜாபாத்லதான் நிக்கும்” என்றார் நடத்துநர். ஒரு நாளைக்குப் பல நூறு பெயர்களுக்கு எதிரே பிழையில்லாமல் நேரம் குறிக்கும் நான், பலகையைப் படிக்கவில்லை. பக்கத்தில் கத்தரிக்காய்க் கூடையோடு ஒரு பெண் சிரித்தாள். மடியிலிருந்த என் புத்தகத்தைப் பார்த்தாள்.

“இன்னா புக்கும்மா அது? சினிமாவா?”

“பெண்களைப் பற்றி.”

“நம்மளப் பத்தி எழுத இன்னா இருக்குது? கூடைய எறக்கி ஏத்தறத எழுதுவாங்களா?”

“அதைத்தான் எழுதியிருக்கிறேன்.”

“அப்ப இந்தக் கூடைக்கு ஒரு கை குடு” என்றாள். வாலாஜாபாத்தில் இருவரும் சேர்ந்து இறக்கினோம். தலையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் சந்தைக்குள் போய்விட்டாள். அரிசி ஆலைத் தவிட்டு வாசனையில், அடுத்த வண்டிக்காக ஐம்பது நிமிடம் நின்றேன்.

திரும்பியதும் தபால் நிலையத்தில் ஓர் அட்டை வாங்கினேன். வெளியூர் போனால் நலமாகச் சேர்ந்ததை யாருக்காவது எழுதுவது என் பழக்கம். விலாசப் பக்கத்தை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். கடைசியில் புத்தகத்தை அச்சிட்டுத் தந்த அச்சகக்காரருக்கு எழுதினேன்.

செப்டம்பர் 7, வியாழக்கிழமை. 4.50க்கு எழுந்தேன். 5.45க்கு எந்த ஓசையும் இல்லை. ஒரே நாளில் காது அந்தத் தட்டலுக்குப் பழகியிருந்ததால், ஊரே எழுந்து எங்கோ போய்விட்டது போல இருந்தது. உரை எழுதிய ஏழு தாள்களை இரண்டு முறை படித்தேன். 40 நிமிடம் வந்தது.

10.40க்குப் படிப்பகம். இரண்டு பாய்களும் விரிக்கப்பட்டிருந்தன. பதினொன்றுக்குள் ஆண்கள் வந்து நிறைந்தார்கள். எண்ணினேன், நாற்பத்து மூன்று பேர். குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியில் வந்திருந்தார்கள். பாய்களில் ஒருவரும் இல்லை. 11.20 வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, முனிரத்தினம் கைத்தறித் துண்டு ஒன்றை எனக்குப் போர்த்தினார். கைதட்டினார்கள்.

பேசினேன். ‘சகோதரிகளே’ என்று எழுதியிருந்த இடங்களில் ‘நண்பர்களே’ என்று மாற்றிக்கொண்டேன். அப்படி ஒன்பது இடங்கள். பேச்சு நடுவே கண் இடது பக்கமே போயிற்று. புதுப் பாயின் பச்சைக் கோடுகள் இன்றும் எனக்கு மனப்பாடம். நடுவில் இடத்துக்கு நெருக்கடி ஏற்பட்டபோது ஓர் இளைஞர் பாயின் ஓரத்தில் உட்காரப் போனார். “டேய், அது லேடீஸ் எடம்டா” என்று மூன்று பேர் அவரைத் தூக்கிவிட்டார்கள். பாய் மறுபடி காலியாயிற்று.

முடிந்ததும் கேள்வி நேரம். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

“நீங்க சொல்றது அத்தினியும் நாயம்மா. ஆனா கேக்க வேண்டியவங்க வரலியே?”

“நீ கேட்டல்ல, வூட்ல போய்ச் சொல்லுப்பா” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“சொன்னா இன்னிக்கு வடை கெடைக்காதுப்பா!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு மெல்ல முனிரத்தினத்திடம் கேட்டேன். “ஏன் வரவில்லை? விடுமுறை என்றுதானே எழுதினீர்கள்?”

“அமாவாசைல்லம்மா. அவங்களுக்கு வூடு கழுவணும், பலகாரம் செய்யணும், பெரியவங்களுக்குப் படைக்கணும். மத்த நாள விட இன்னிக்குத்தான் ஜாஸ்தி வேலை.”

“எல்லோருக்கும் விடுமுறை என்று...”

“தறிக்கு லீவு. அப்ப எல்லாருக்கும் லீவுதானேம்மா?” என்றார். கள்ளமே இல்லாமல் சொன்னார்.

அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன தகுதி? விடுமுறை யாருக்கு என்று கேட்பதற்காகவே நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியவள், அவர் எழுதிய அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ‘மிக நல்லது’ என்று பதில் போட்டிருக்கிறேன். படையலுக்கு நேரமாகிறது என்று ஆண்கள் கலைந்தார்கள். ஐந்து நிமிடத்தில் கூடம் காலி. நான் பாய்களைச் சுருட்டினேன்.

முனிரத்தினம் சாப்பிட வீட்டுக்கு அழைத்துப் போனார். மூன்றாவது தெருவில் ஓட்டு வீடு. கூடத்தில் முக்கால் பங்கும் தறிதான். அதற்குத் திருநீறு பூசி, பூ வைத்து, சாம்பிராணி காட்டியிருந்தார்கள். அவர் மனைவி சரோஜா அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்து, “வாங்கக்கா” என்றாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம்.

“உங்களோடு சாப்பிடுகிறேன்” என்றேன்.

“ஐயோ, நான் குந்தறப்போ சாயந்தரம் ஆயிடும்.”

“ஆகட்டும்.”

“வெளியூர்லர்ந்து வந்தவங்கள பட்டினி போட்டேன்னு ஊர் பேசறதுக்கா?” என்றாள். ஆனாலும் வற்புறுத்தவில்லை. முனிரத்தினம் சாப்பிட்டார். அவருடைய தம்பிகள் வந்து சாப்பிட்டுப் போனார்கள். 3.20க்கு நாங்கள் இருவரும் இலை போட்டு உட்கார்ந்தோம். ஆறிப்போன வாழைக்காய்க் கறி, பூசணிக்காய்க் கூட்டு, வடை. வேறொருவரோடு இலை போட்டுச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று எண்ணத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

“ஏன் கூட்டத்துக்கு வரவில்லை, சரோஜா?”

“அமாவாச அன்னிக்குப் பதினோரு மணிக்கு அடுப்ப வுட்டுட்டு எவ வருவா?”

“மற்ற நாள் என்றால்?”

“மத்த நாளு தறில குந்திக்கினு இருப்போம்.”

“பிறகு எப்போதுதான் ஓய்வு?”

“அத்த நீங்க புக்குல எழுதலியா?” என்று சிரித்தாள்.

தறியில் என்று அவள் சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை. கை கழுவிவிட்டு, நான்காம் அத்தியாயத்தைப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். “படிங்க. கை சும்மா இருக்காது, காது சும்மாதான் இருக்குது” என்று பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். முனிரத்தினம் தறிக் கட்டையில் சாய்ந்து, தன் கடிதங்கள் அச்சில் வந்திருப்பதைக் கேட்கும் ஆர்வத்தில் இருந்தார்.

எழுபத்து நான்காம் பக்கம். ‘தறி வீட்டில் ஆண் நெய்கிறான், பெண் நூல் இழைத்துத் தருகிறாள். அவள் கை தறியைத் தொடுவதில்லை. ஆனால் அவள் இழைத்த நூல் இல்லாமல் தறி ஓடுவதில்லை.’ நல்ல வாக்கியம் என்று நான் நினைத்திருந்த இடம். நிறுத்திப் படித்தேன்.

பாத்திரம் தேய்க்கும் ஓசை நின்றது.

“யாருக்கா சொன்னது, தொடறதில்லன்னு?”

நான் முனிரத்தினத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

சரோஜா எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தறிப் பலகையின் வலது ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். பலகை அந்த இடத்தில் தேய்ந்து பளபளவென்று இருந்தது.

“இங்க குந்தறது யாரு? சேலை ஒடம்புக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் ரெண்டு நாடா. ஆக மூணு. அவருக்குக் கை ரெண்டுதான். மூணாவது நாடா தானா பறந்து வருமா? பதினாலு வருஷமா நான் போடறேன்.” நாடா என்பது ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் ஓடம். அதை மட்டும் கடிதங்களிலிருந்து நான் சரியாகக் கற்றிருந்தேன்.

“அது கோர்வை வாங்கறதுதானேம்மா” என்றார் முனிரத்தினம். “கரைய ஒடம்போட கோக்கறது. நெசவுன்னு தோணல. அதான் எழுதல.”

“நான் எழுந்து போயிட்டா ஒரு இழை ஏறுமா, சொல்லுங்க.”

அவர் சாய்ந்திருந்த தறிக் கட்டையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, “ஏறாது” என்றார்.

“பதினோரு கடுதாசி எழுதினாராம்” என்று சரோஜா என்னிடம் சொன்னாள். குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. “எழுதறப்போ பக்கத்துலதான் இருந்தேன். அவரு என்ன வுட்டுட்டாரு, சரி. நீங்களுமாக்கா? குந்தின எடத்துலர்ந்து என்ன எழுப்பி வுட்டுட்டீங்களே.”

தப்பு என்னுடையது என்று சொன்னேன். பதினோரு கடிதங்களுக்கும் பதில் எழுதியவள், ‘உங்கள் மனைவியைக் கேட்டு எழுதுங்கள்’ என்று ஒருமுறைகூட எழுதவில்லை. அச்சான பிரதிகளில் எல்லாம் அந்த வரி இருக்கிறது.

சரோஜா மறுபடி உட்கார்ந்து பாத்திரத்தை எடுத்தாள். “அதுக்கு ஏன் கண் கலங்கறீங்க? மத்ததெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, அந்த அடுப்பு சமாச்சாரம். நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி தெருவுக்கு வாங்க. புதுப் பாவு நீட்டறோம். பொம்பளைங்க எல்லாரும் இருப்போம். கைல பாவு இருக்கறதால எவளும் ஓட முடியாது. அப்ப கூட்டம் போடுங்க.”

5.30க்குச் சத்திரத்துக்குத் திரும்பினேன். ஒரு பிரதியை எடுத்து, எழுபத்து நான்காம் பக்கத்தில் அந்த மூன்று வாக்கியங்களையும் அளவுகோல் வைத்து அடித்தேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அன்று நடந்ததை யாரிடமாவது சொல்லலாம் என்று தோன்றியது. எதிர்க் கட்டிலில் புத்தகப் பெட்டி இருந்தது. தெருவில் விறகடுப்புப் புகையின் வாசனை, யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடும் குரல். ஏழு மணிக்கு இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுப் படுத்தேன்.

செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. 4.15க்கு எழுந்தேன். முந்தைய நாளின் குறிப்பை எழுதவில்லை. இந்த வழக்கத்தை நான் தவறவிட்டது இதுவே முதல் முறை. புத்தகத்தை அறையிலேயே வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு புது நோட்டையும் இரண்டு பென்சில்களையும் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன்.

தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு, தறியில் ஏற்றப்போகும் நெடுக்கு இழைகள், நீண்டிருந்தது. அரக்கு நிறம் என்று வெளிச்சம் வந்த பிறகுதான் தெரிந்தது. இரு பக்கமும் பெண்கள். யாரோ அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார்கள். யாரோ கஞ்சி தெளித்துக்கொண்டிருந்தார்கள். முனிரத்தினம் மறுமுனையில் இழுத்துப் பிடித்திருந்தார். “படிக்கலியாக்கா?” என்றாள் சரோஜா. “இல்லை, எழுத வந்தேன்” என்றேன்.

முதல் வேலையாக, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், பக்கத்தில் கோடு போட்டுக் கட்டங்கள் பிரித்தேன். பெயர், வேலை, வந்த நேரம், போன நேரம். முதல் வரியில் சரோஜா என்று எழுதினேன். வேலை என்ற கட்டத்தில், நெசவு. அடுத்த கட்டத்துக்கு அவளைக் கேட்டேன்.

“வந்த நேரம்?”

இழையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள்: “நான் எப்பக்கா போனேன், வந்த நேரம் போட?”